எல்லாத்துக்கும் பச்சை

தாட்சாயணி விளக்கேற்றி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மருமகள் ஹரிதாவின் ஃபோன் மணியடித்தது. நகரியில் சாயந்திரம் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் கூடக் கேட்காது, நாலு பக்கமும் பவர்லூம் ஓடும். அதையும் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒரு மணிச் சத்தத்தை வைத்திருந்தார்கள் திருப்பதி ஆஸ்பத்திரிக்காரர்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து தினமும் இதே நேரம். இந்த நேரத்தை யார் குறித்தார்களோ, விளக்கு வைக்கிற வீட்டில் பிறந்தவராக இருக்க முடியாது.

"அத்தே, ஆப்புல கேள்வி வந்துகீது. இன்னிக்கி எத்தினி தபா ஒண்ணுக்கு போனீங்க?"

"அடியே! வெளக்கு எரியுது, வெள்ளிக்கெயம வேற. அம்மன் படத்து முன்னாடி நின்னுக்கினு இன்னா பேச்சு பேசற?"

"நானா கேக்கறேன்? ஆஸ்பத்திரி கேக்குது."

"ஆஸ்பத்திரிக்கு வெள்ளி செவ்வாய் தெரியாது, உனக்குமா தெரியாது? எல்லாத்துக்கும் பச்சையை அமுக்கு."

கேள்விகள் தெலுங்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று முகம். சிரிக்கிற பச்சை, சும்மா இருக்கிற மஞ்சள், அழுகிற சிவப்பு. கசிந்ததா, எரிகிறதா, முழுசாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா. ஹரிதா பச்சையை அமுக்கிக்கொண்டே வந்தாள். எண்ணிக்கை கேட்ட இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"நெசமா சொல்லுங்க அத்தே. எத்தினி தபா?"

"நேத்து இன்னா போட்ட?"

"ஏழு."

"அதையே போடு. நேத்து இருந்த ஒடம்புதானே இன்னிக்கும் இருக்கு?"

ஹரிதா ஏழு என்று போட்டாள். பாவம், பத்து மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வந்தவள், மாமியாரோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. உண்மை என்னவென்றால், தாட்சாயணி அன்றைக்குப் போனது மூன்று முறை. மூன்றும் சேர்ந்தால் ஒரு டம்ளர் தேறாது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் இல்லை. அடிவயிறு கல்லாய் இறுகிக் கிடந்தது. அளந்து எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை, வந்த அன்றைக்கே பரண்மேல் ஏறிவிட்டது.

விளக்கு, வெள்ளிக்கிழமை, அம்மன் படம் எல்லாம் பாதி நிஜம், பாதி சாக்கு. அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தாட்சாயணிக்கு இப்போது ஐம்பத்திரண்டு. புருஷன் முனிரத்தினம் செத்தபோது மகன் பரணிக்குப் பன்னிரண்டு வயது. தறி ஷெட்டில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. ஷெட்டில் பெண்களுக்கென்று கக்கூஸ் கிடையாது. அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் டீ ஒரு வாய், தண்ணீர் கிடையாது. ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடு. அடக்கத் தெரிந்தவள்தான் கெட்டிக்காரி. தாட்சாயணி பெரிய கெட்டிக்காரி.

நாற்பத்தோரு வயதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் போய்விட்டது. தும்மினால் போச்சு, இருமினால் போச்சு, நூல் கட்டைத் தூக்கினால் போச்சு. பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள், நாளைக்கு ஆறு துணி. நாராயணவனத்தில் ஒரு பிரம்மோற்சவத்தின்போது பிரசாத வரிசையில் நின்றவள் அடக்க மாட்டாமல் இருமிவிட்டாள். காலடியில் தரை நனைந்தது. பின்னால் நின்ற அம்மாள், "ஆரோ தண்ணி பாட்டிலை கவுத்துட்டாங்க, வழுக்கப் போவுது, பாத்து வாங்க" என்றாள். அந்தப் புண்ணியவதிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாட்சாயணி அதோடு கோயிலுக்குப் போவதை விட்டாள், பஸ் ஏறுவதை விட்டாள், கல்யாண வீட்டில் பந்தி வரைக்கும் உட்காருவதையும் விட்டாள்.

துவைக்கிற கல்லில் துணிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் ஹரிதாதான். "அத்தே, இதுக்கெல்லாம் இப்ப ஆபரேஷன் கீது" என்று திருப்பதிக்குக் கூட்டிப்போனாள். சிறுநீர்க் குழாய்க்குக் கீழே ஒரு மெல்லிய வலைப்பட்டையை ஊஞ்சல் மாதிரிக் கட்டித் தாங்கக் கொடுப்பார்களாம், அவ்வளவுதான். பரணியிடம் மட்டும் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லச் சொன்னாள் தாட்சாயணி. கர்ப்பப்பை என்றால் எந்த மகனும் மேலே கேட்க மாட்டான். அவனும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வார்டில் எதிர்க் கட்டிலில் இருந்த பெண்ணுக்குச் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அந்தப் பெண் மறுநாள் காலையில் படுக்கையில் உட்கார்ந்து அழுதாள். "மறுபடியும் ஒழுகுது, மறுபடியும் ஒழுகுது" என்று அவள் அழுததைத் தாட்சாயணி முழுக்கக் கேட்டாள்.

இதுதான் அவளுடைய பயம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆறு நாளாகப் புடவை காய்ந்திருக்கிறது. போகவில்லை என்று சொன்னால் தளர்த்திவிடுவார்கள். சிவப்பை அமுக்கினால் ஆஸ்பத்திரியிலிருந்து யாமினி நர்ஸ் உடனே ஃபோன் செய்வாள். பச்சைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே பச்சை. தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் தானே சரியாகிவிடும் என்று ஷெட்டில் படித்த பாடத்தை எடுத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தாள். பூசணிக்காய் வயிற்றுக்குள் பெருத்துக்கொண்டே போனது.

சனிக்கிழமை காலையில் ஹரிதா ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். கம்பெனி வாசலிலேயே ஃபோனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், சாயந்திரம்தான் கைக்கு வரும். எட்டு மணிக்கு பரணி, குட்டியானை வண்டியில் புடவை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். தண்ணி பாட்டில் எடுக்க உள்ளே வந்தவன், அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்தான். முகமெல்லாம் வியர்வை.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"வயிறுடா."

"ஆபரேஷன் பண்ண எடமா? கர்ப்பப்பைலயா?"

"ஆமா" என்றாள். அந்த நிலையிலும் அந்தப் பொய்தான் வந்தது.

பரணி ஏற்றிய மூட்டைகளைத் திரும்ப இறக்கிப் போட்டான், அம்மாவைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்தான். ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த துணிப்பையை அவள் மடியோடு கட்டிக்கொண்டாள், அவன் கையில் கொடுக்கவில்லை. ஃபைலில் ஆபரேஷன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

நகரியிலிருந்து புத்தூர் வரும் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று அந்த வழியில் தினமும் போகிறவர்களுக்கே தெரியாது. தாட்சாயணிக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் வண்டி ஏறி இறங்கும்போது அடிவயிற்றுக்குள் கத்தி இறங்கியது. "மெதுவா போடா" என்றாள். அவன் மெதுவாகப் போனால், "ஏன்டா நிக்கற, சீக்கிரம் போ" என்றாள். புத்தூர் ஊருக்குள் நுழையும்போது அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, தலை ஜன்னலில் போய் மோதியது.

பரணி பயந்துவிட்டான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, மூட்டை தூக்குகிற உடம்புதான். திருப்பதி வரைக்கும் தாங்குவாளா என்று யோசித்து, கண்ணில் பட்ட முதல் கிளினிக்கில் வண்டியை நிறுத்தினான்.

டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவாராம். கம்பவுண்டர் ரமணா மட்டும் இருந்தார். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"இன்னா கம்ப்ளெய்ன்ட்?"

"கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயி எட்டு நாளு ஆவுது சார். வயித்து வலி. மயக்கம் வேற" என்றான் பரணி.

"சாப்ட்டாங்களா?"

"எங்க சார், நாலு நாளா சரியா துன்னவே இல்ல. தண்ணிகூட குடிக்க மாட்டேங்குறாங்க."

"அதான் பாத்தேன். நாக்கு வறண்டு போய்க்கீது. உள்ள நீரே இல்ல. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தனா தெளிஞ்சிடுவாங்க. டாக்டர் வந்து மீதியைப் பாப்பாரு."

அவரையும் குறை சொல்ல முடியாது. நம் ஊர்ப்பக்கம் பாட்டில் ஏற்றாத வைத்தியத்தை வைத்தியம் என்று யார் ஒத்துக்கொள்கிறார்கள்? காய்ச்சலா, பாட்டில். அசதியா, பாட்டில். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "இன்னா டாக்டர், ஒரு பாட்டிலுகூட போடல" என்று முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். தாட்சாயணியே இரண்டு முறை சண்டை போட்டு பாட்டில் ஏற்றிக்கொண்டவள்.

அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கம்பியில் பாட்டில் தொங்கியது. ரமணா அவள் புறங்கையைத் தட்டி நரம்பு தேடினார். தாட்சாயணி பாட்டிலைப் பார்த்தாள். முக்கால் டம்ளருக்கே வழியில்லாத வயிற்றில் இன்னும் அரை லிட்டர். உள்ளே போனால் எங்கே போகும்? அவள் எந்தப் பள்ளிக்கூடமும் சரியாகப் படித்ததில்லை, ஆனால் அவ்வளவு கணக்கு அவளுக்கு வரும். வெடித்துச் செத்துப்போவேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பரணி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு ரமணாவிடம் சொல்லலாம். "பரணி, கொஞ்சம் வெளிய போ" என்றாள்.

"நான் எங்கியும் போவ மாட்டேன். நீ சும்மா படு."

ஊசி நரம்புக்குக் கிட்டே வந்தது. இன்னொரு நொடியில் குத்தியிருப்பார். தாட்சாயணி மற்றொரு கையால் ரமணாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தாதீங்க சாமி. எனக்கு ஒண்ணுக்கு போவல. நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டு போவல."

ரமணா கையை எடுத்தார். பரணி, "இன்னாம்மா சொல்ற?" என்றான்.

"ஆபரேஷன் கர்ப்பப்பைக்கு இல்லடா. எனக்கு... அடக்க முடியாம ஒழுகிக்கினு இருந்தது. அதை நிறுத்தத்தான் பண்ணாங்க. இப்ப மொத்தமா நின்னுபோச்சு." சொல்லி முடித்ததும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியைவிட அந்த நிமிஷம் பெரிதாக இருந்தது.

பரணி அவள் மடியிலிருந்து துணிப்பையை இழுத்து, ஃபைலைப் பிரித்து, அதிலிருந்த நம்பருக்கு ஃபோன் போட்டான். யாமினிதான் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஆப்புல ஆறு நாளும் பச்சைதான் இருக்கு. நேத்துகூட ஏழு தடவை போனதா போட்டிருக்கே? ஃபுல்லா போவுதுன்னு பச்சை."

பரணி அம்மாவைப் பார்த்தான். தாட்சாயணி கையை நீட்டி ஃபோனை வாங்கினாள். "அதெல்லாம் பொய்யிம்மா. நான்தான் சொல்லி போடச் சொன்னேன். எம்மருமவ மேல தப்பில்ல."

யாமினி திட்டவில்லை. "பாட்டில் ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"வேண்டவே வேண்டாம். தண்ணியும் குடிக்காதீங்க. அங்க யூரின் டியூப் போடறவங்க இருக்காங்களா?"

ரமணா உதட்டைப் பிதுக்கினார். டியூப் டாக்டர்தான் போட வேண்டும், டாக்டர் பத்து மணிக்கு.

"அப்ப நேரா எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. நான் வாசல்ல நிக்கறேன். பயபடொத்தும்மா, நேனு உன்னானு." பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை. சென்னையிலிருந்து திருமலைக்குப் போகிற அத்தனை காரும் அந்தச் சாலையில்தான். வடமாலப்பேட்டை டோல்கேட்டில் வரிசை அரை கிலோமீட்டர். பரணி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான், தலையை வெளியே நீட்டிக் கத்தினான், கெட்ட வார்த்தைகூடச் சொன்னான். முன்னால் இருந்த காரில் கோவிந்தா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாட்சாயணி இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பெருமாளே ஒழுகட்டும், ஒழுகினால் போதும் என்று வேண்டினாள். பதினோரு வருஷமாக எதை நிறுத்தச் சொல்லி வேண்டினாளோ, அதையே கேட்டு.

டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு பரணி பேசினான்.

"எத்தினி வருசமா?"

"பதினோரு வருசம்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அதான் என் கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல எழுந்து போனியா?" என்றான்.

"ஆமாடா. தும்மல் வந்துடுச்சு. பட்டுப்புடவை."

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? ஹரிதாவ உனக்கு புடிக்கல, அதான் பாக்கக்கூடாதுன்னு போயிட்டேன்னு. மூணு வருசமா மனசுக்குள்ள வெச்சிக்கினு இருக்கேன். உங்கிட்ட மூஞ்சி குடுத்து பேசாம எத்தினி நாளு..."

மகன் ஏன் மூன்று வருஷமாக அளந்து அளந்து பேசுகிறான் என்று தாட்சாயணியும் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள். மருமகள் வந்ததும் மாறிவிட்டான் என்று ஊர் சொல்கிற கதையை நம்பியிருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்? நீயே சொல்லு, எந்த வார்த்தையில சொல்லுவேன்?"

பரணி வண்டியை விரட்டினான்.

யாமினி சொன்னபடியே வாசலில் நின்றாள். ஸ்டிரெச்சர், திரை, கையுறை. டியூப் போட்டு ஐந்து நிமிஷத்தில் தாட்சாயணி வாய்விட்டு "அம்மாடி" என்றாள். பை நிறைந்தது, இன்னொரு பை கொண்டுவந்தார்கள். ஆயிரத்து இருநூறு மில்லி என்று யாமினி எழுதிக்கொண்டாள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கிட்னியைத் தொட்டிருக்கும். என்கிட்ட பொய் சொல்லலாம், உடம்புகிட்ட சொல்ல முடியுமா?" என்று சத்தம் போட்டார். தாட்சாயணி வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தாள்.

"பட்டை இறுக்கமா இருக்கு. திங்கட்கிழமை கொஞ்சம் தளர்த்தணும்."

அந்த வார்த்தை வந்தேவிட்டது. "தளத்துனா மறுபடியும் ஒழுகுமா டாக்டரம்மா?"

"ஒழுகலாம். ஒழுகாமலும் போகலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனா தளர்த்தாம விட முடியாதும்மா."

சம்மதப் படிவத்தை பரணியிடம் நீட்டினார்கள். "எங்கிட்ட குடு" என்று வாங்கி, தாட்சாயணியே தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

அன்று சாயந்திரம் யாமினி கட்டிலருகே உட்கார்ந்து, ஏன் அத்தனை பச்சை என்று கேட்டாள். எதிர்க்கட்டில் பெண்ணின் அழுகையைச் சொன்னாள் தாட்சாயணி. ஆறு மணியையும் சொன்னாள். யாமினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்க வீட்லயும் ஆறு மணிக்குத்தான் விளக்கு வெப்போம். எனக்கே தோணல பாருங்க." தாட்சாயணிக்கு மட்டுமாவது பகல் பதினோரு மணி என்று மாற்றிவைத்தாள். அந்த நேரத்தில் ஹரிதாவின் ஃபோன் லாக்கரில் இருக்கும் என்பதால், ஆப்பை பரணியின் ஃபோனில் ஏற்றச் சொன்னாள். தாட்சாயணி வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் பரணி ஃபோனை எடுத்து நீட்டிவிட்டான்.

திங்கட்கிழமை தளர்த்தினார்கள். புதன்கிழமை காலையில் டியூப்பை எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் தாட்சாயணி தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலையில் அவ்வளவு தண்ணீர் அவள் குடித்ததே இல்லை. வயிறு நிறைந்ததும் யாமினி கழிவறைத் திரைக்குள் நிற்கவைத்து, "இருமுங்கம்மா" என்றாள்.

தாட்சாயணிக்கு இரும வரவில்லை. "நல்லா இருமுங்க, பொய் இருமல் வேணாம்."

இருமினாள். குனிந்து பார்த்தாள். தரையில் இரண்டு சொட்டு.

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. யாமினி பதறவில்லை. "முன்னாடி எத்தனை துணி மாத்துவீங்க?" என்று கேட்டாள். ஆறு என்றாள் தாட்சாயணி. "இது ரெண்டு சொட்டு. இதுவும் நிக்கலாம், இப்படியே இருந்தாலும் இருக்கலாம். இப்ப போய் உட்காருங்க, எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்." உட்கார்ந்தாள். தடையில்லாமல் நானூறு வந்தது. திரைக்கு வெளியே யாமினி அளவைச் சத்தமாகப் படிக்கையில் அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

பதினோரு மணிக்கு வார்டில் பரணியின் ஃபோன் அடித்தது. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஹரிதா இல்லை, யாமினி வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூட்டைக் கணக்கு வாசிக்கிற குரலில், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாசித்தான்.

"காலைல இருந்து எத்தினி தபா போனீங்க?"

"ஒரு தபா. நானூறு."

"எரிச்சல்?"

"கொஞ்சம். மஞ்சள் போடு."

"கசிஞ்சுதா?" அவன் காது மடல் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"ஆமா. இருமுனப்ப ரெண்டு சொட்டு. செவப்பை அமுக்கு."

"ரெண்டு சொட்டுக்கு மஞ்சள் போதுமேம்மா."

"செவப்பு போடுடா. கூப்ட்டு கேக்கட்டும், சொல்றேன்."

அமுக்கினான். கடைசியில் இன்னொரு கேள்வி வந்தது. பதில் சொல்ல உதவியவர் யார்? கீழே ஒரு பட்டியல்: தானே, கணவர், மகள், மருமகள், நர்ஸ். பரணி அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"இன்னாடா தேடற?"

"இதுல புள்ளைன்னு ஒண்ணு வெக்கவே இல்லம்மா."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். இல்ல."

தாட்சாயணி அவன் தலையைத் தொட்டாள். தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"மகள்னு போடுடா" என்றாள்.

அவன் போட்டான்.